பூட்டு எதற்கு? துணை இருக்கே!

உங்கள் தெருவில் இப்படி ஒரு அண்ணனோ அக்காவோ இருக்கிறாரா? பேசினால் முகத்தைப் பார்க்க மாட்டார். கேட்ட சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்வார். குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொள்வார். தினமும் போகும் வழி மாறினால் அழுதுவிடுவார்.

அவருக்கு ஆட்டிசம் இருக்கலாம். இது தொற்றுநோய் இல்லை. ஒலி, ஒளி, பேச்சு எல்லாவற்றையும் அவரது மூளை வேறு விதமாக உணர்கிறது, அவ்வளவுதான். அறிவுசார் குறைபாடு என்பது வேறு. அது உள்ளவர்கள் ஒன்றைக் கற்றுக்கொள்ள அதிக நாளாகும். சிலருக்கு இரண்டும் சேர்ந்திருக்கும்.

ஆட்டிசத்தை மருந்தால் போக்க முடியாது. பிறகு ஆஸ்பத்திரியில் அடைத்து வைத்து என்ன பயன்? ஆனாலும் பல நாடுகளில் அடைத்து வைத்தார்கள். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகருக்கு அருகே இருந்த விண்டர்போர்ன் வியூ மருத்துவமனையில், இப்படிப்பட்டவர்களை ஊழியர்களே அடித்துத் துன்புறுத்தினார்கள். 2011ல் பி.பி.சி. தொலைக்காட்சி அதை ரகசியமாகப் படம்பிடித்துக் காட்டியது. உடனே அந்த மருத்துவமனை மூடப்பட்டது.

நம் தமிழ்நாட்டிலும் ஒரு சோகம் நடந்தது. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகள் தங்கியிருந்த ஒரு காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று அதிகாலையில் தீப்பிடித்தது. அவர்களைச் சங்கிலியால் கட்டியிருந்தார்கள். ஓட முடியாமல் 28 பேர் இறந்து போனார்கள். மனநோய் வேறு, ஆட்டிசம் வேறு. ஆனால் அடைத்து வைத்தால் ஆபத்து எல்லோருக்கும் ஒன்றுதான்.

மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டுச் சட்டம். குடும்பம் ஏற்கவில்லை என்பதற்காக ஒருவரை மருத்துவமனையிலேயே வைத்திருக்கவும் கூடாதாம். ஆட்டிசம் உள்ளவர்களும் ஊரோடு சேர்ந்து வாழலாம் என்ற உரிமையை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் தருகிறது.

அப்படி வாழ முடியுமா? சென்னையில் உள்ள 'தி பேனியன்' அமைப்பு 2015ல் ஒரு திட்டம் தொடங்கியது. மனநோயால் பல ஆண்டுகள் மருத்துவமனையிலும் காப்பகத்திலும் இருந்தவர்களில் நான்கைந்து பேரைச் சேர்த்து, சாதாரணத் தெருவில் வீடு பிடித்துக் குடிவைத்தார்கள். உதவிக்கு ஒருவர் இருப்பார். சமையல், கடைக்குப் போவது எல்லாம் அவர்களே!

நம் பெரம்பலூர், அரியலூர் பக்கம் வருவோம். மக்காச்சோளக் காட்டுக்கு வேலைக்குப் போகும் அம்மா, பிள்ளையை யாரிடம் விட்டுப் போவார்? பார்த்துக்கொள்ள ஆள் இல்லாவிட்டால், மனசு கேட்காமலே கதவைப் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். அந்தப் பூட்டு விழாமல் இருக்கத்தான் துணை வேண்டும். வேப்பந்தட்டையானாலும் தா.பழூரானாலும், வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கு வர முடியாத பிள்ளைக்கு வீட்டிலேயே பயிற்சி தருவார்கள். உதவித்தொகைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். இதை அந்த வீட்டாருக்குச் சொல்லச் சொல்லி உங்கள் அப்பா, அம்மாவிடம் கூறுங்கள்.

நீங்களும் சில செய்யலாம்:

* கேள்வி கேட்டால், பதில் வரும்வரை பொறுமையாக இருங்கள்.

* திருவிழாவில் வெடி போடுமுன் அந்த வீட்டுக்குச் சொல்லிவிடுங்கள்.

* பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடாதீர்கள். யாராவது கூப்பிட்டால் சேர்ந்து சிரிக்காதீர்கள்.

* விளையாடக் கூப்பிடுங்கள். வரவில்லை என்றால் நாளைக்கும் கூப்பிடுங்கள்.

முதல் நாள் அவர் திரும்பிப் பார்க்காமல் போகலாம். பத்தாவது நாள் வாசலில் உங்களுக்காகக் காத்திருந்தாலும் ஆச்சரியமில்லை. கூப்பிடுவீர்கள்தானே?