ஏறிப் போகும் ஊரில் இறங்கிப் பார்த்தால்…

தன் பெயரிலேயே வேறோர் ஊரைச் சுமந்து நிற்கும் ரயில் நிலையம் அது. பலகையில் 'கொடைக்கானல் ரோடு' என்றிருக்கும். வாய்வழக்கில் அது கொடைரோடு. நிலையம் இருக்கும் ஊரின் உண்மைப் பெயர் அம்மையநாயக்கனூர். விடிகாலை ரயிலில் வந்து இறங்குகிறவர்களுக்கு அந்தப் பெயர் தேவைப்படுவதில்லை. ஒரு டீ குடித்துவிட்டு, வத்தலக்குண்டு வழியாக மலையேறும் வண்டியைப் பிடிப்பதில்தான் கவனம் இருக்கும். இயற்கை என்பது மேலே, எண்பது கிலோமீட்டருக்கு அப்பால், பனிமூட்டத்துக்குள் இருக்கிறது என்று நினைப்பு.

அந்த டீ ஆறுவதற்குள் ஒரு முறை அண்ணாந்து பார்த்தால், மின்கம்பியில் இரட்டைவால் குருவி உட்கார்ந்திருக்கும். வேலியோரத்தில் தவிட்டுக்குருவிகள் கூட்டமாகக் குதித்து, ஊர்ப்பஞ்சாயத்தே நடத்திக்கொண்டிருக்கும். கிழக்கே சிறுமலையின் விளிம்பில் வெளிச்சம் ஏறும்போது, எங்கோ ஒரு செம்போத்து அடித்தொண்டையில் கூப்பிடும். இவற்றைப் பார்க்க யாரும் டிக்கெட் எடுத்து வருவதில்லை. அதுதான் இவற்றுக்கு வந்த வினை.

மலைக்கு ஒரு நீதி, தரைக்கு ஒரு நீதி

கொடைக்கானல் அமர்ந்திருக்கும் பழனி மலையின் பறவைகள் உலகப் புத்தகங்களில் ஏறி நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. சோலைக்காடுகளில் வாழும் ஒரு சிரிப்பான் பறவை, 1869-இலேயே அறிவியல் பெயர் பெற்றுவிட்டது. அந்தப் பெயருக்குள் இருப்பவர் ஃபேர்பேங்க் என்ற அமெரிக்கப் பாதிரியார். இன்று மலைக்காடு சரணாலயமாக இருக்கிறது. அதற்கு வனத்துறையின் காவல் உண்டு, சட்டத்தின் வேலி உண்டு.

கீழே நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, சின்னாளபட்டி பக்கத்துத் தரைக்காட்டுப் பறவைகளுக்கு அப்படி ஒரு வேலி இல்லை. இவை குடியிருப்பது கண்மாய்க்கரையில், பனைமரத்தில், மானாவாரிச் சோளக்காட்டில், முள்ளும் கல்லும் கிடக்கும் மேய்ச்சல் நிலத்தில். கவுதாரி முட்டையிடுவதும், ஆட்காட்டி கூழாங்கல்லோடு கல்லாகத் தன் முட்டையை ஒளித்து வைப்பதும் அந்த வெற்றுத்தரையில்தான். அதற்கு வருவாய்த் துறைக் கணக்கில் உள்ள பெயர் 'தரிசு'. தரிசு என்று எழுதியாகிவிட்டால், அங்கே என்ன வந்தாலும் முன்னேற்றம்தான். பிளாட் போட்டாலும் சரி, மண் அள்ளினாலும் சரி.

பறவை இருக்கும் இடத்துக்குக் காகிதம் ஒரு பெயர் வைக்கிறது. ஊர் ஒரு பெயர் வைக்கிறது. எந்தப் பெயர் நிலைக்கிறதோ, அதைப் பொறுத்தே அந்த இடத்தின் விதி அமைகிறது.

பனையோடு போகும் பட்டியல்

பனையை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஓலையின் அடிப்புறத்தில், பஞ்சையும் சிறகையும் எச்சிலால் ஒட்டிக் கூடு வைக்கும் பனை உழவாரன். மட்டை நுனிகளில் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூடுகள். தலை போன மொட்டைப் பனையின் பொந்தில் குடும்பம் நடத்தும் பனங்காடை. உட்கார்ந்திருக்கும்போது மங்கலாகத் தெரிந்து, பறக்கும்போது நீலத்தை வாரி இறைப்பது. இன்னொரு பொந்தில் புள்ளி ஆந்தை. பனை போனால் நாலு வீடு காலி.

பனை நம் மாநில மரம். அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. ஆனால் மொட்டைப் பனையை மரமாகவே யாரும் கணக்கில் வைப்பதில்லை. பட்டுப்போனதை விறகுக்குத் தள்ளினால் என்ன தப்பு என்றுதான் கேட்போம். பனங்காடைக்குத் தேவைப்படுவதோ அந்தப் பட்டுப்போனதுதான்.

2023-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை 942 இனங்களை அலசியது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் பதிவேற்றிய ஏறத்தாழ மூன்று கோடிக் குறிப்புகள் அதன் அடித்தளம். அவசரக் கவனம் தேவைப்படுபவை என 178 இனங்களை அது பிரித்துக் காட்டியது. நீண்டகால நோக்கில் 30 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்துவிட்டதால், உலக அளவில் மறு ஆய்வு செய்யப்பட வேண்டும் என்று 14 இனங்களைச் சொன்னது. அந்தப் பதினான்கில் பனங்காடையும் ஒன்று. இன்னும் கண்ணில் படுவதால்தான் அது குறைவது நமக்கு உறைக்கவில்லை.

வெடிக்காத தீபாவளி

பறவைக்காக ஓர் ஊர் தன்னை மாற்றிக்கொள்ளுமா? மாற்றிக்கொண்ட ஊர் மதுரைக்கு அந்தப் பக்கம், ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. சிவகங்கை மாவட்டத்தின் கொள்ளுக்குடிப்பட்டி. அங்குள்ள கண்மாய்களைச் சேர்த்து 1977-இல் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. பரப்பு வெறும் 38.4 ஹெக்டேர். நத்தைக்குத்தி நாரை, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், வக்கா எல்லாம் கண்மாய்க்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டுகின்றன.

கூடு கட்டும் காலமும் தீபாவளியும் அடுத்தடுத்து வருகின்றன. குஞ்சுகள் மிரண்டு விழுந்துவிடக் கூடாது என்று அந்த மக்கள் பல பத்தாண்டுகளாகப் பட்டாசு வெடிப்பதில்லை. கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும்கூட வேட்டு கிடையாது. தீபாவளிக்கு வனத்துறை இனிப்போடு வந்து நன்றி சொல்லிப் போகிறது. இனிப்புப் பெட்டிக்காகப் பிள்ளைகள் மத்தாப்பை விட்டுக்கொடுக்கவில்லை. 'நம்ம ஊருக்கு வந்த விருந்தாளி' என்று வீட்டில் சொல்லக் கேட்டு வளர்ந்ததால் விட்டுக்கொடுத்தார்கள்.

அதே மாவட்டத்தில் பொத்தகுடி என்ற ஊர் 2020-இல் செய்திகளில் அடிபட்டது. தெருவிளக்குகளுக்கான சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு சிறு குருவி கூடு கட்டி முட்டையிட்டது. சுவிட்சைப் போட்டால் கூடு கலையும். குஞ்சு பொரித்துப் பறக்கும்வரை ஒரு மாதத்துக்கு மேல் அந்த ஊர்த் தெரு இருட்டில் கிடந்தது. சரணாலயமும் இல்லை, அரசாணையும் இல்லை. ஊர் கூடிப் பேசி எடுத்த முடிவு.

பட்டியல் ஆயுதமான கதை

இன்னும் கிட்டே வருவோம். மதுரை மேலூர் வட்டத்தின் அரிட்டாபட்டி 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமானது. ஏழு குன்றுகள், சுனைகள், கண்மாய்கள், சுமார் 250 பறவை இனங்கள். லகுடு வல்லூறும் ஷாஹீன் வல்லூறும் அந்தப் பாறைகளில் வட்டமிடுகின்றன.

இரண்டே ஆண்டில், 2024 நவம்பரில், அந்த வட்டாரத்துக்குக் காகிதத்தில் வேறொரு பெயர் வந்தது: 'நாயக்கர்பட்டி டங்ஸ்டன் பிளாக்'. இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேல் ஏலம் போயிருந்தது. மேலூர் பக்கத்து மக்கள் தெருவில் இறங்கினார்கள். டிசம்பரில் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. ஜனவரியில் கிராமத்தார் மதுரைக்குத் திரண்டு வந்தார்கள். 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

அந்தப் போராட்டத்தில் கோயிலும் கல்வெட்டும் விவசாயமும் பேசின; பறவைகளும் பேசின. ஆண்டுக்கணக்கில் பைனாகுலரும் நோட்டுமாக அலைந்தவர்கள் எழுதி வைத்த பட்டியல் இருந்ததால் பேச முடிந்தது. அப்படிப் பட்டியல் எழுதப்படாத குன்றுகள் திண்டுக்கல் சமவெளியில் எத்தனையோ நிற்கின்றன.

மயிலும் மனக்கணக்கும்

இந்தப் பக்கத்து விவசாயியிடம் பறவைப் பாதுகாப்பு என்று பேச்செடுத்தால், முதலில் வருவது மயில். நிலக்கடலை விதைத்தால் கிளறித் தின்கிறது. தக்காளி பழுத்தால் கொத்துகிறது. 1963 முதல் தேசியப் பறவை, 1972-இன் வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணை. கை வைக்க முடியாது. நரி குறைந்ததுதான் காரணம் என்பார் ஒருவர். சீமைக்கருவேலம் மறைவிடம் கொடுப்பதுதான் காரணம் என்பார் இன்னொருவர். அதே 2023 அறிக்கை, மயில் 150 சதவீதம் கூடியிருப்பதாகச் சொல்கிறது. விவசாயியின் புலம்பலில் பொய் இல்லை.

பனங்காடை குறைவதையும் மயில் பெருகுவதையும் ஒன்றாகப் போட்டு 'பறவைகளைக் காப்போம்' என்று சுவரில் எழுதினால் காட்டுக்காரர் சிரிப்பார். எது கூடுகிறது, எது குறைகிறது என்று பிரித்துச் சொல்ல ஊரிலேயே ஆள் வேண்டும். சோளம் முற்றும்போது திரண்டு வரும் சூறைக்குருவி கதிரைத் தின்பதும் உண்மை. வெட்டுக்கிளியைத் தின்பதும் உண்மை. மத்திய ஆசியாவில் இனம் பெருக்கிவிட்டு நம் காட்டுக்கு வந்து ஏப்ரல் வாக்கில் திரும்பிப் போகும் அந்தக் கூட்டத்துக்கு, பெயரிலேயே புகாரை வைத்தவர்கள் நம் முன்னோர். இன்னொரு பெயர் சோளப்பட்சி. திட்டினாலும் பெயர் சொல்லித் திட்டினார்கள்.

பொங்கலுக்குப் பதினைந்து நிமிடம்

எண்ணத் தொடங்க நல்ல நாள் ஒன்று கையிலேயே இருக்கிறது. 2015 முதல் தமிழகப் பறவை ஆர்வலர்கள் ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று, பார்த்ததையும் கேட்டதையும் எத்தனை என்று எழுதி, 'ஈபேர்ட்' தளத்தில் ஏற்றினால் போதும். வலசை வந்த பறவைகள் இருக்கும் மாதம். வெளியூர்ப் பிள்ளைகள் வீட்டுக்கு வந்திருக்கும் நாள். சரணாலயத்துக்குப் போக வேண்டியதில்லை. வீட்டு மாடி, களத்துமேடு, ரயில் நிலைய வேப்பமரம் எதுவும் ஆகும்.

எழுதும்போது ஒரு பறவைக்குப் பெயர் தெரியாமல் பேனா நிற்கும். செல்போனில் தேடுவதற்கு முன்னால் திண்ணையில் இருக்கும் அப்பத்தாவிடம் கேட்டுப் பாருங்கள். கொண்டை விரித்து நடப்பது கொண்டலாத்தி என்பார். ஆளைக் கண்டதும் கத்திக் காட்டிக்கொடுப்பது ஆட்காட்டி என்பார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, 'அது முன்ன நம்ம கிணத்துமேட்டுப் பனையில இருந்துச்சே, இப்ப காணோமே' என்றும் சொல்லக்கூடும். அந்த வரியையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். அம்மையநாயக்கனூரின் பறவைக் கணக்கு அந்தப் பனையிலிருந்து தொடங்கட்டும்.