பழைய தையல் மெஷினுக்குக் கம்ப்யூட்டர் துணை

துண்டுத் துணிகளை வடிவமாக இணைத்து, நடுவில் மெத்தென்ற அடுக்கு ஒன்றை வைத்து, மூன்றையும் சேர்த்துத் தைத்தால் அதுதான் குவில்ட். இதற்கென்றே உள்ள லாங் ஆர்ம் மெஷின் வாங்கப் பல லட்சம் ரூபாய் வேண்டும். பட்டினச்சேரியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அதை வைக்க இடமும் இல்லை. இருந்தவை அம்மாவின் கால்மிதி தையல் மெஷின், புதிதாக வாங்கிய கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். இவையே போதும். ஆனால் அளவில் கவனம் வேண்டும். அதைக் கற்க, பாட்டியின் சேலைகளை விலையாகக் கொடுத்தேன்.

மெஷினைத் தயார் செய்தல்

லாங் ஆர்ம் மெஷினில் துணி நிற்கும், தலைப்பகுதி நகரும். வீட்டு மெஷினில் நாம்தான் துணியை நகர்த்த வேண்டும். கால்மிதி மெஷின் மேஜையோடு சமமாக இருப்பதால் துணி தடையின்றி நகரும். மேஜை மேல் வைக்கும் மெஷின் என்றால், அதன் உயரத்திற்குத் தெர்மாகோல் பலகைகளை அடுக்கிச் சுற்றிலும் வைத்திடவும்.

நேர்க்கோட்டில் தைக்க வேறெதுவும் தேவையில்லை. வளைவுகள் தைக்க டார்னிங் ஃபுட் வாங்கி மாட்டவும். துணியை இழுக்கும் பற்களை இறக்கும் வசதி இல்லையா? ஊசி செல்லத் துளையிட்ட அட்டையை அவற்றின் மேல் ஒட்டி, தையல் நீளத்தைப் பூஜ்யமாக்கவும். தைக்கும்போது ஃபுட் லீவரை இறக்க மறக்காதீர்கள். மறந்தால் அடியில் நூல் சிக்கிக்கொள்ளும்.

கம்ப்யூட்டரில் அளவு எடுத்தல்

இன்க்ஸ்கேப் என்ற இலவச சாஃப்ட்வேரை அதன் இணைய தளத்திலிருந்து டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடவும். ஃபைல் மெனுவில் டாகுமெண்ட் பிராப்பர்ட்டீஸ் சென்று ஏ4 தாளைத் தேர்ந்தெடுக்கவும். ஆர் கீயை அழுத்தி ஒரு கட்டம் வரையுங்கள். மேலே உள்ள டபிள்யூ, ஹெச் கட்டங்களில் 16.2 செ.மீ. எனத் தரவும். தைத்த பின் 15 செ.மீ. கட்டம் கிடைக்கும், மீதி, ஓரத் தையலுக்குப் பக்கத்திற்கு 6 மி.மீ. குறுக்கே 6, நெடுக்கே 8 என 48 கட்டங்கள் சேர்ந்தால் 90க்கு 120 செ.மீ. குழந்தைப் போர்வை தயார்.

பின்னர் பிடிஎஃப் ஆக சேவ் செய்து பிரிண்ட் எடுக்கவும். நான் தவறியது இங்கேதான். பிரிண்ட் விண்டோவில் "ஃபிட்" தேர்வாகி இருந்ததைக் கவனிக்கவில்லை. தாளின் ஓரத்துக்குள் அடங்குவதற்காகப் படம் 4 சதவீதம் சுருங்கியது. 16.2 செ.மீ. கட்டம் 15.55 ஆனது. அந்த அட்டையை வைத்துப் பாதிச் சேலையை வெட்டினேன். மறுநாள் சரியாக வந்த அட்டையில் மீதியை வெட்டினேன். இணைத்தபோது ஒரு மூலைகூடச் சேரவில்லை. பெரிய துண்டுகளையெல்லாம் சிறியவற்றின் அளவுக்குக் குறைத்தேன், 90 செ.மீ. அகலம் 86 ஆகிவிட்டது.

நீங்கள் "ஆக்சுவல் சைஸ்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதே தாளில் 10 செ.மீ. சோதனைக் கட்டம் ஒன்றும் வரைந்து, பிரிண்ட் வந்ததும் ஸ்கேலால் அளக்கவும். 10 செ.மீ. இருந்தால் மட்டும் கத்தரியை எடுங்கள். கம்ப்யூட்டரில் செய்த தவறுக்குக் கன்ட்ரோல் இசட் உண்டு. வெட்டிய சேலைக்குக் கிடையாது.