"டர்போ போச்சுன்னா செலவு தாங்காது"... பிக்கப் வண்டி வாங்குவோர் பயப்படுவது சரியா?

காஞ்சிபுரம் அருகே உள்ள ஐயங்கார்குளம் என்றதும் பலருக்கும் சித்ரா பௌர்ணமியும், வரதராஜ பெருமாள் எழுந்தருளும் நடவாவிக் கிணறும்தான் நினைவுக்கு வரும். மற்ற நாட்களில் அந்தப் பக்கத்துச் சாலைகளில் கண்ணில் படுவது லோடு வண்டிகள். நெல் மூட்டையோ, காய்கறியோ, செங்கல்லோ, எதுவானாலும் ஒரு பிக்கப்தான் தூக்கிக்கொண்டு போகிறது. பெரும்பாலும் ஓனரே டிரைவர். மாதா மாதம் டியூ கட்ட வேண்டும். வண்டி ஒரு வாரம் ஷெட்டில் நின்றால் வீட்டுச் செலவே இடிக்கும்.

இப்படிப்பட்டவர்கள் செகண்ட் ஹேண்டில் வண்டி தேடும்போது யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "டர்போ வண்டியாண்ணே? வேணாம், டர்போ போச்சுன்னா செலவு தாங்காது."

இதில் பாதி உண்மை இருக்கிறது. டர்போ மாற்றினால் சில பத்தாயிரம் ரூபாய் காலி. ஆனால் டர்போ தானாகச் சாவது அபூர்வம். ஆயிலோ, தூசியோ, ஓட்டும் விதமோதான் அதைக் கொல்கிறது. அது தெரியாமல் டர்போவை மட்டும் மாற்றினால், புதிதாகப் போட்டதும் சீக்கிரமே போய்விடும்.

டர்போ என்ன வேலை செய்கிறது?

அதிக டீசலை எரிக்க அதிக காற்று வேண்டும். சைலன்சர் வழியாக வீணாக வெளியே போகும் புகையின் வேகத்தில் ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழலவிட்டு, அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரத்தால் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் திணிப்பதுதான் டர்போ. சுவிட்சர்லாந்து பொறியாளர் ஆல்ஃபிரட் பூகி இதற்கு 1905-ல் காப்புரிமை பெற்றார். நம் ஊருக்கும் இது அந்நியமான பொருள் இல்லை. செங்கல்பட்டு மாவட்டம் பையனூரிலேயே டர்போ தயாரிக்கும் ஆலை இருக்கிறது.

அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் முறைக்கும் மேல் சுழலும். லோடு இழுக்கும்போது அதன் ஒரு பக்கத்தில் 600, 700 டிகிரி சூடான புகை. இவ்வளவு வேகத்தையும் சூட்டையும் தாங்கி அந்தத் தண்டைப் பிடித்திருப்பது முடியைவிட மெல்லிய ஆயில் படலம். அது சில நொடி அறுந்தாலும் உலோகத்தோடு உலோகம் உரசிவிடும். இந்த ஒரு விஷயம் புரிந்தால் டர்போ கதையில் முக்கால்வாசி புரிந்த மாதிரி.

எல்லா டர்போவும் ஒன்றா?

2005-ல் வந்த டாடா ஏஸ், நம்ம ஊர் 'குட்டி யானை', டர்போ இல்லாத 702 சிசி இரண்டு சிலிண்டர் இன்ஜின். பவர் 16 எச்பி. 2011-ல் அறிமுகமான அசோக் லேலண்ட் தோஸ்த், டர்போ வைத்த ஒன்றரை லிட்டர் மூன்று சிலிண்டர் இன்ஜினோடு வந்தது. இன்று ஒரு டன்னுக்கு மேல் ஏற்றும் டீசல் பிக்கப்பை டர்போ இல்லாமல் புதிதாக வாங்குவது அரிது. அதனால் 'டர்போ வேணாம்' என்று ஒதுங்கவும் வழி இல்லை.

கேட்க வேண்டிய கேள்வி, இன்ஜினை எவ்வளவு பிழிகிறார்கள் என்பது. மஹிந்திராவையே பாருங்கள். பிஎஸ்-6 பொலிரோ காரில் 1,493 சிசி இன்ஜின், 75 எச்பி. பொலிரோ பிக்கப்பில் 2,523 சிசி இன்ஜின், அதுவும் அதே 75 எச்பிதான். இரண்டிலும் டர்போ உண்டு. ஒரு லிட்டர் பெரிய இன்ஜினிலிருந்து அதே பவரை எடுத்தால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் வேலைப்பளு குறைவு. சின்ன இன்ஜினில் நூறு எச்பிக்கு மேல் கறக்கும் டர்போ பெட்ரோல் காரைப் பார்த்துவிட்டு லோடு வண்டியை எடைபோடக் கூடாது.

அமெரிக்காவிலும் இதே பயம் இருந்தது. டொயோட்டா தன் டன்ட்ரா பிக்கப்பில் வி8 இன்ஜினை எடுத்துவிட்டு, 2022 மாடலிலிருந்து இரட்டை டர்போ வி6 வைத்தது. 2024-ல் இன்ஜின் கோளாறுக்காகச் சுமார் ஒரு லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தபோது, 'அப்பவே சொன்னோமே' என்றார்கள் பலர். ஆனால் நிறுவனம் சொன்ன காரணம் வேறு. தயாரிப்பின்போது இன்ஜினுக்குள் தங்கிவிட்ட உலோகத் துகள்கள்தான் பேரிங்கைக் கெடுத்தன.

அப்போ எது கொல்கிறது?

முதல் குற்றவாளி ஆயில். 'இன்னும் ரெண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டிக்கலாம்' என்று தள்ளிப்போடுவது, கிடைத்த கிரேடை ஊற்றுவது, அளவுக்குச்சியை மாதக்கணக்கில் பார்க்காமல் இருப்பது. பழைய ஆயிலில் சேரும் கரியும் துகளும் டர்போவுக்குப் போகும் குறுகலான குழாயை அடைக்கும். டர்போ மாற்றும்போது அந்தக் குழாயைச் சுத்தம் செய்தார்களா, மாற்றினார்களா என்று ஷெட்டில் நின்று பார்ப்பது நல்லது. கூச்சப்பட வேண்டாம், காசு உங்களுடையது.

அடுத்தது, வந்த வேகத்தில் ஆஃப் செய்வது. ஃபுல் லோடில் இழுத்துவந்த வண்டியை உடனே நிறுத்தினால் ஆயில் ஓட்டம் நின்றுவிடும். ஆனால் சூடு நிற்காது. உள்ளே தங்கிய ஆயில் கருகி கரியாகப் படியும். ஒரு நிமிடம் ஐடிலில் ஓடவிட்டால் போதும். ஊருக்குள் மெதுவாக உருட்டி வந்தவர் அந்த ஒரு நிமிடமும் காத்திருக்க வேண்டியதில்லை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆக்சிலேட்டரை முறுக்கும் பழக்கமும் இதே ரகம்தான். ஆயில் மேலே ஏறும் முன்பே தண்டு சுழல ஆரம்பித்துவிடும்.

ஜல்லி, எம்-சாண்ட் ஏற்றுபவர்களுக்குத் தூசி தனிப் பிரச்சினை. ஏர் ஃபில்டரைத் தட்டித் தட்டி மறுபடி மாட்டுவார்கள். கிழிந்த ஃபில்டர் வழியாகப் போகும் மணல், அந்த வேகத்தில் சுழலும் சக்கரத்தின் இதழ்களை அரித்துவிடும். ஹோஸ் கிளாம்ப் தளர்ந்து காற்று கசிந்தாலும், அதை ஈடுகட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுழன்று சீக்கிரம் தேயும்.

ஓவர்லோடும் அப்படித்தான். இதில் இன்ஜின் சூடாவதோடு முடிவதில்லை. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி 20,000 ரூபாய் அபராதம், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய்.

பிஎஸ்-6 வண்டிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த டீசல் வண்டிகள் பலவற்றில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அது சூடேறி கரியை எரிக்க, வண்டி கொஞ்ச தூரம் சீரான வேகத்தில் ஓட வேண்டும். ஐயங்கார்குளத்துக்கும் காஞ்சிபுரத்துக்கும் நடுவே மட்டும் ஓடும் வண்டிக்கு அந்த வாய்ப்பே கிடைக்காது. வடிகட்டி அடைத்தால் புகை வெளியேற முடியாமல் டர்போவையே திருப்பி அழுத்தும். டேஷ்போர்டில் அந்த விளக்கு எரிந்தால், சர்வீஸ் புத்தகத்தில் சொன்னபடி பைபாஸில் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு வாருங்கள்.

பழைய வண்டி வாங்கும்போது எதைப் பார்ப்பது?

இன்ஜின் ஆறிய பிறகு, டர்போவுக்குப் போகும் காற்று ஹோஸைக் கழற்றச் சொல்லுங்கள். தண்டை விரலால் அசைத்தால் பக்கவாட்டில் லேசான ஆட்டம் இருக்கும், அது இயல்பு. முன்னும் பின்னும் ஆட்டம் கைக்குத் தெரிந்தாலோ, இதழ்கள் கூட்டில் உரசிய தடம் இருந்தாலோ வேண்டாம். ஹோஸில் லேசான ஆயில் பிசுக்கு பரவாயில்லை, தேங்கி நின்றால் ஆபத்து. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கரும்புகையும் பிக்கப் குறைவும் சேர்ந்து வந்தால், டர்போவைக் கழற்றும் முன் ஹோஸையும் ஏர் ஃபில்டரையும் பாருங்கள். பல நேரம் விஷயம் அதோடு முடிந்துவிடும்.

அரிதாக நடந்தாலும் டிரைவர் தெரிந்துவைத்திருக்க வேண்டியது ஒன்று. டர்போவின் சீல் உடைந்து ஆயில் நேராக இன்ஜினுக்குள் போனால், அந்த ஆயிலையே எரித்துக்கொண்டு இன்ஜின் தறிகெட்டு ஓடும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. பிரேக்கை முழுசாக மிதித்தபடி, டாப் கியர் போட்டு, கிளட்ச்சை விட்டால் இன்ஜின் திணறி நிற்கும். இல்லையென்றால் காற்று உள்ளே போகும் வாயைப் பலகையால் மூடலாம். கையையோ துணியையோ வைக்கவே கூடாது, உள்ளே இழுத்துவிடும். இரண்டும் முடியாவிட்டால் வண்டியை விட்டு இறங்கி விலகிப் போய்விடுங்கள்.