வாடிவாசலுக்கு அந்தப் பக்கம் யாரோட வயல்?

எபிசோடைக் கேட்க நேரம் கிடைக்காதவர்களுக்காக இந்த எழுத்து வடிவம். பேசினதை லேசாகத் திருத்தியிருக்கிறோம், அவ்வளவுதான்.

குதிரைகளோட நீண்ட தூர ஓட்டம் பற்றிப் போன வாரம் படிச்சுக்கிட்டிருந்தேன். அமெரிக்காவில் கலிஃபோர்னியா மலைப் பக்கம் டெவிஸ் கப் என்று ஒரு ஓட்டம், 1955-ல் ஆரம்பிச்சது. ஒரே நாள்ல 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர். புதுக்கோட்டையிலிருந்து திருச்சிக்குப் போய், திரும்பி வந்து, மறுபடியும் ஒருதரம் போற தூரம்னு வச்சுக்கங்க. வழியில நிறுத்தி டாக்டர் குதிரையோட நாடித்துடிப்பைப் பார்ப்பார். துடிப்பு இறங்கலைன்னா குதிரை அதோட நின்னுடணும்.

இந்த மாதிரி ஓட்டங்கள் பல ஊர்ல தனியார் பண்ணை, மேய்ச்சல் நிலம் வழியாத்தான் போகுது. ஒரு பண்ணைக்காரர் "இனிமே வேண்டாம்பா"ன்னு சொல்லிட்டா அந்தப் பாதையே போச்சு. யாரோ ஒருத்தர் கேட்டைச் சாத்தாம போய், உள்ளே இருந்த மாடு வெளியே போயிட்டா போதும், அடுத்த வருஷம் கேட்கவே முடியாது. அதனால நடத்துறவங்க நிலத்துக்காரரை மறக்கிறதில்லை.

சரி, நம்ம புதுக்கோட்டையில இதுக்கு இணையா எது? அறந்தாங்கி, ஆலங்குடி பக்கம் குதிரை வண்டிப் பந்தயம் நடக்கத்தான் செய்யுது. ஆனா அது தார் ரோட்டுல ஓடுறது. அனுமதி கேட்கிறது அதிகாரிகள்கிட்ட. யார் வயலும் அதுல மிதிபடாது. வயல் மிதிபடுறது ஜல்லிக்கட்டிலும் மஞ்சுவிரட்டிலும்தான்.

வாடிவாசல்ல பாய்ஞ்சு வர்ற காளையை எல்லாரும் பார்க்கிறோம். கொஞ்ச தூரம் தாண்டினதும் நம்ம கண்ணு அடுத்த மாட்டுக்குப் போயிடுது. முதல் மாடு எங்கே போச்சு? காளைகளைப் பிடிச்சுக் கட்டுறதுக்குன்னு ஒரு இடம் ஒதுக்கியிருப்பாங்க, உண்மைதான். ஆனா எல்லா மாடும் அங்கே நிக்காது. வெறி அடங்காத மாடு வரப்பு வரப்பாத் தாண்டி, கண்மாய்க்குள்ள இறங்கி, தைலமரக் காட்டுக்குள்ள போயிடும். 2019 ஜனவரியில விராலிமலையில ஒரே நாள்ல 1,300-க்கும் மேல காளைகளை அவிழ்த்தாங்க. அத்தனை மாடும் வாடிவாசலுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு மண்ணுல ஓடித்தானே நின்னிருக்கணும்!

அந்த மண்ணுல கொஞ்சம் பொறம்போக்கு, கொஞ்சம் கோயில் நிலம், மீதி பட்டா நிலம். 2014-ல் உச்ச நீதிமன்றம் தடை போட்டதுலேருந்து, 2017 மெரினா போராட்டம், 2023 மே 18-ந் தேதி அரசியல் சாசன அமர்வு சட்டம் செல்லும்னு சொன்னது வரைக்கும், மாட்டைப் பற்றிப் பேசினோம், வீரத்தைப் பற்றிப் பேசினோம், பண்பாட்டைப் பற்றிப் பேசினோம். பக்கத்து வயல்காரரைப் பற்றி ஒரு வார்த்தை என் காதுல விழலை.

இப்ப காலண்டரைப் பாருங்க. ஜனவரியிலேருந்து மே வரைக்கும் நடத்தலாம்னு சட்டம். கந்தர்வகோட்டை பக்கம் தச்சங்குறிச்சியில வருஷத்தோட முதல் ஜல்லிக்கட்டு பெரும்பாலும் ஜனவரி முதல் வாரத்துல நடக்கும். சம்பா நெல் அப்ப பல இடத்துல அறுக்காமத்தான் நிக்கும். தை கடைசி, மாசியில வயல் காலியாத் தெரியும். அந்தத் "தெரியும்"லதான் சிக்கல். நெல் அறுக்கிறதுக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னாடியே, நிக்கிற பயிருக்குள்ள உளுந்தைத் தெளிச்சு விடுற வழக்கம் உண்டு. இருக்கிற ஈரத்துலயே முளைச்சு வந்துடும். அறுத்து முடிச்சதும் வெளியூர்க்காரங்க கண்ணுக்கு வெறும் தாள் நிக்கிற காலி வயல்தான். குனிஞ்சு பார்த்தாத்தான் ரெண்டு இலை விட்ட உளுந்துச்செடி தெரியும்.

எங்க சித்தப்பாவோட ரெண்டு ஏக்கர் திடலுக்கு ஒட்டினாப்ல இருக்கு. ஊர் பேர் வேண்டாம். ஒரு வருஷம் உளுந்து தெளிச்சிருந்தார். மாடு ஓடினதுல சேதம் கொஞ்சந்தான். காளை வரப்பைத் தாண்டிடும். வண்டி தாண்டாதே! மாடு ஏத்தி வந்த லோடு வண்டிகளும் பைக்குகளும் வரப்பை உடைச்சு உள்ளே இறங்கி, பாதி வயலை ரோடு மாதிரி இறுக்கிட்டுப் போயிடுச்சு. மறுநாள் காலையில அவர் மட்டும் மண்வெட்டியோட நின்னு வரப்பு போட்டார். அடுத்த வருஷம் யார்கிட்டயும் சொல்லாம முள்கம்பி வேலி போட்டுட்டார். கம்பியில மாட்டி ஒரு காளைக்குத் தோள்பட்டை கிழிஞ்சுபோச்சு. மாட்டுக்காரர் வீட்டு வாசல்ல வந்து சண்டை. சித்தப்பா சொன்னது ஒண்ணுதான்: "என்கிட்ட யாருடா கேட்டீங்க?"

அதுக்கப்புறம்தான் விழாக் குழுப் பையன்களுக்கு உறைச்சது. இப்ப கார்த்திகையிலயே வீடு வீடாப் போறாங்க, உளுந்து தெளிக்கிறதுக்கு முன்னாடி. இதுல இன்னொரு விஷயம் இருக்கு. பட்டாக்காரர் சிங்கப்பூர்ல இருப்பார். போன் போட்டா "தாராளமா நடத்துங்கப்பா"ன்னு சொல்லிடுவார். பயிர் யாருது? குத்தகைக்காரரோடது. நிலத்துக்காரர் சரின்னதும் வேலை முடிஞ்சதுன்னு நினைச்சு, ஒரு வருஷம் இதுலயும் அடி வாங்கினாங்க. இப்ப ரெண்டு பேர்கிட்டயும் கேட்கிறாங்க.

கிணறுதான் இதைவிடப் பயம். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணத்துல காளை விழுந்த செய்தி அடிக்கடி வருது. எங்க ஊர்ல முந்தின நாளே கிணத்தைச் சுத்தி சவுக்குக் கம்பு கட்டி, ரெண்டு பையன்களைக் காவலுக்கு நிறுத்துறாங்க. வண்டி நிறுத்த கண்மாய்க்கரைக்கு அந்தப் பக்கம் தனி இடம். மறுநாள் டிராக்டர் வந்து வரப்பைச் சரி பண்ணும், டீசல் விழாக் கணக்குல. சிதறின சரக்குப் பாட்டிலைப் பொறுக்கவும் ஆள் உண்டு. வயல்ல கண்ணாடி கிடந்தா நாத்து நடுற பொம்பளைங்க காலைத்தானே கிழிக்கும்.

மைக்குல மாட்டுக்காரர் பேர், பிடிச்சவர் பேர், கட்டில் பரிசு குடுத்தவர் பேர் எல்லாம் சொல்வாங்க இல்லையா, அதோட நிலம் தந்தவங்க பேரையும் இப்ப வாசிக்கிறாங்க. கோயில் காளை அவிழ்க்கிறதுக்கு முன்னாடி கூப்பிட்டுத் துண்டு போடுறாங்க. சித்தப்பா முதல் வருஷம் போகலை, கூச்சம். போன வருஷம் போனார்.

வேலியைப் பிரிச்சுட்டார். உளுந்து இப்ப கிழக்கு வயல்ல மட்டும். மேற்கு வயலை மாசி முடியற வரைக்கும் உழாமப் போட்டு வச்சிருக்கார்.

உங்க ஊர்ல எப்படிக் கேட்கிறாங்க, கேட்கிறாங்களா இல்லையா, குரல் பதிவா அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பந்தய மாடு பற்றிப் பேசுவோம்.