சரக்குப் பெட்டியின் ஈற்றெண்

கட்டளைக் கலித்துறையில் ஓரடி நேரசையில் தொடங்கின், ஒற்று நீங்கலாக 16 எழுத்தும், நிரையசையில் தொடங்கின் 17 எழுத்தும் வருதல் வேண்டுமென்பது தமிழ் பயில்வோர் அறிந்ததே. ஏடெழுதுவோன் ஓரெழுத்தை விட்டுவிட்டால், பொருள் விளங்காதவனும் எண்ணிப் பார்த்துப் பிழையுண்டென்று சொல்லிவிடலாம். இத்தகைய காவல் நம் இரயில்வேயின் சரக்குப் பெட்டிகளிலும் உண்டென்பதைச் சென்ற விடுமுறையில், காட்பாடி - விழுப்புரம் பாதையிலுள்ள போளூர் நிலையத்திலே அறிந்தேன்.

ஒவ்வொரு பெட்டியிலும் 11 இலக்கங்கள் தீட்டப்பட்டிருக்கும். முதலிரண்டு பெட்டியின் வகையையும், அடுத்த இரண்டு அதனையுடைய இரயில்வேயையும், அவற்றையடுத்த இரண்டு செய்யப்பட்ட ஆண்டையும், பின்வரும் நான்கு தனியெண்ணையும் குறிக்கும். பதினோராவது இலக்கம் தானாக ஒன்றையும் குறிப்பதன்று. முன்னைய பத்தையும் காப்பதே அதன் தொழில்.

3106094572 என்பதை எடுத்துக்கொள்வோம். இரட்டைப்படை இடங்களில் நிற்கும் 1, 6, 9, 5, 2 ஆகியவற்றின் தொகை 23. மூன்றால் பெருக்க 69. ஒற்றைப்படை இடங்களில் நிற்கும் 3, 0, 0, 4, 7 ஆகியவற்றின் தொகை 14. ஆக 83. அடுத்த பத்தின் மடங்காகிய 90 ஐ எட்ட 7 வேண்டும். அந்த ஏழே ஈற்றெண்.

இதனைக் கணிப்பொறிக்குக் கற்பிக்கப் பைத்தான் மொழியில் நாலைந்து வரிகள் போதும். ஆயினும் யான் ஓரிடத்தில் இடறினேன். தொகையைப் பத்தால் வகுத்த மீதியைப் பத்திலிருந்து கழிக்கச் சொன்னேன். தொகை 80 ஆகவே அமைந்தபோது மீதி பூச்சியமாகி, விடை 10 என வந்தது! ஈற்றில் ஈரிலக்கம் நிற்க இடமேது? அவ்விடையையும் பத்தால் வகுத்து மீதி கொண்ட பின்னரே 0 எனச் சரியாயிற்று.

அந்திப்பொழுதில் நின்றிருந்த ஒரு வண்டியின் எண்களைக் குறித்துவந்து நிரலிடம் ஒப்புவித்தேன். ஒன்றை மட்டும் அது ஏற்க மறுத்தது. தூசி படிந்த 5 ஐ 6 என்றெழுதினேனோ, 3 ஐ 8 என்றெழுதினேனோ, அறியேன். பிழையுண்டென்று உரைக்குமேயன்றி, எவ்விடத்தென்று அது உரைக்காது. மறுநாட் காலை சென்றபோது வண்டி போய்விட்டது. என் குறிப்பேட்டுக்கு இதனால் நட்டமில்லை. நெல் ஏற்றிய பெட்டியொன்று பதிவேட்டில் இவ்வாறு எண் மாறியிருப்பின், சரக்குக்குரியவன் அதனை எங்கே தேடுவான்?

இக்காவலனும் கண்ணயர்வதுண்டு. மேற்கண்ட எண்ணின் இறுதியிலுள்ள 72 ஐ 27 என மாற்றிக் கூட்டிப் பாருங்கள்: 93 வரும், ஈற்றெண் மீண்டும் ஏழே. தம்முள் ஐந்து வேறுபடும் இலக்கங்கள் இரண்டு அடுத்தடுத்து நின்று இடம் மாறினால், தொகை சரியாகப் பத்து கூடும் அல்லது குறையும். ஆதலின் பிழை தப்பிவிடும்.

வட அமெரிக்காவில் விற்கப்படும் மோட்டார் வண்டிகளின் 17 குறிகளில் ஒன்பதாவதும் காவற்குறியே. ஆங்கே பதினொன்றால் வகுத்து, மீதி 10 ஆயின் எக்ஸ் என்னும் எழுத்தை இடுவர். அம்முறைக்கு மேற்சொன்ன குறை இல்லை. ஆனால் ஏ, ஜே என்னும் இரண்டெழுத்துக்கும் மதிப்பு 1 என்றே வைத்திருத்தலின், ஒன்றின் இடத்தில் மற்றொன்று புகுந்தால் அதுவும் அறியாது.