சக்கரத்தின் மேல் வீடு, சாப்பாட்டு மேசையில் பாடசாலை

உங்களிடம் ஒரு கேள்வி. வீட்டுச் சாமான்களில் முக்கால்வாசியை விற்றும் கொடுத்தும் தீர்த்துவிட்டு, மிச்சத்தை ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு, கணவனும் பிள்ளைகளுமாக ஊர் ஊராகப் புறப்பட உங்களால் முடியுமா? திரும்பிப் போக வேறு வீடு கிடையாது. பிள்ளைகளுக்குப் பாடசாலையும் கிடையாது. வண்டியிலுள்ள சாப்பாட்டு மேசைதான் வகுப்பறை. நீங்கள்தான் ஆசிரியை.

"இதென்ன விசர் வேலை?" என்று நீங்கள் கேட்பது விளங்குகிறது. ஆனால், அமெரிக்காவில் இப்படி வாழும் குடும்பங்கள் உண்டு. குசினி, படுக்கை, கழிவறை எல்லாம் உள்ளே அமைந்த இந்த வண்டிகளை அங்கே 'ஆர்.வி.' என்று அழைப்பார்கள். எஞ்சினும் வீடும் ஒன்றாக இருப்பது மோட்டார் ஹோம். வேறொரு வாகனத்தில் கொளுவி இழுத்துச் செல்வது ட்ரெய்லர். வோலி பயம் என்பவர் 1931இல் தொடங்கிய 'ஏர்ஸ்ட்ரீம்' ட்ரெய்லர்கள் இன்றும் அந்நாட்டு வீதிகளில் ஓடுகின்றன. உல்லாசப் பயணத்துக்கென்று செய்த வண்டியையே நிரந்தர வீடாக்கிக் கொண்டவர்களுக்காக, 1978இல் ஜோ பீட்டர்சன், கே பீட்டர்சன் தம்பதியர் 'எஸ்கேப்பீஸ்' என்ற சங்கத்தை ஆரம்பித்தார்கள். டெக்சாஸ் மாநிலத்தின் லிவிங்ஸ்டன் நகரில் அது இயங்கி வருகிறது.

இந்த வாழ்க்கையைப் பற்றிய படங்களைப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். பின்னால் மலை, முன்னால் ஏரி, நடுவில் சிரிக்கும் பிள்ளைகள். ஆனால், முதல் சில வாரங்களில் அந்த வண்டிக்குள் என்ன நடக்கும்? அதைத்தான் நாம் பார்க்கப் போகிறோம். ஒரு குடும்பத்தை மனதில் எடுத்துக்கொள்வோம். தாய், தந்தை, பத்து வயது மகள், ஏழு வயது மகன். தந்தைக்குக் கணினி வழியாகச் செய்யும் உத்தியோகம். வண்டியின் நீளம் 30 அடி, அகலம் 8 அடி. டெக்சாஸிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்படுகிறார்கள்.

சட்டம் இடம் தருகிறதா?

அமெரிக்காவில் பிள்ளையை வீட்டில் வைத்துப் படிப்பிப்பது 1993ஆம் ஆண்டளவில் 50 மாநிலங்களிலும் சட்டத்துக்கு உட்பட்டதாகிவிட்டது. ஆனால், விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். டெக்சாஸில், வீட்டுப் பாடசாலையும் தனியார் பாடசாலை போன்றதே என்று அம்மாநில உயர்நீதிமன்றம் 1994இல் தீர்ப்பளித்தது. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணிதம், நற்பிரஜைக்குரிய பண்பு ஆகியவற்றைப் படிப்பித்தால் போதும். புளோரிடாவில் கல்வி அதிகாரிக்கு எழுத்தில் அறிவித்து, பிள்ளையின் வேலைகளைக் கோவையாகச் சேர்த்து, ஆண்டுதோறும் மதிப்பீடு செய்விக்க வேண்டும். நியூயோர்க்கில் காலாண்டுக்கு ஒரு முறை அறிக்கை அனுப்ப வேண்டும்.

நிரந்தரமாக ஊர் சுற்றுபவருக்கும் சட்டப்படி ஒரு சொந்த மாநிலம் இருந்தாக வேண்டும். சாரதி அனுமதிப்பத்திரம், வாகனப் பதிவு, கடிதங்கள் எல்லாம் அந்த விலாசத்திலேயே நடக்கும். டெக்சாஸ், புளோரிடா, தெற்கு டகோட்டா ஆகிய மூன்றையும் இவர்கள் விரும்பித் தேர்ந்தெடுப்பதற்கு ஒரு காரணம், அங்கே மாநில வருமான வரி இல்லை என்பது.

முதல் வாரம்: தண்ணீர்ப் பாடம்

புறப்பட்ட முதல் வாரத்தில் புத்தகம் திறக்கப்படுவதே இல்லை. வண்டியே எல்லோருக்கும் பாடம் நடத்துகிறது.

வண்டியின் அடியில் மூன்று தாங்கிகள் உண்டு. ஒன்றில் நல்ல தண்ணீர். மற்றொன்றில் குசினியிலும் குளியலறையிலும் இருந்து வரும் கழிவு நீர். மூன்றாவதில் மலக்கழிவு. நல்ல தண்ணீர்த் தாங்கி 40 கலன் கொள்ளும் என்றால், அது சுமார் 150 லீற்றர். நாலு பேர் குளிக்க, சமைக்க, கழுவ அவ்வளவுதான். சுடுநீர்க் கலத்தில் பல வண்டிகளில் 6 கலன், அதாவது 23 லீற்றர் அளவுதான் இருக்கும். உடம்பை நனைத்து, குழாயை மூடி, சவர்க்காரம் பூசி, பிறகு திறந்து கழுவிக்கொள்ள வேண்டும். நீரை வீண்விரயம் செய்யாதே என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. ஆனால், குழாயைத் திறந்தால் தண்ணீர் முடிவதேயில்லை என்று நம்பி வளர்ந்த பிள்ளைக்கு, தலையில் நுரையோடு நிற்கும்போது தண்ணீர் நின்று போவது மறக்க முடியாத பாடம்.

கழிவுத் தாங்கிகளை அதற்கென உள்ள இடத்தில் திறந்துவிட வேண்டும். முதலில் மலக்கழிவு, அதன் பிறகே கழிவு நீர். இரண்டாவதாக வரும் நீர் குழாயைக் கழுவிக்கொண்டு போகும் என்பதற்காகவே இந்த வரிசை. மின்சாரத்துக்கும் அளவுண்டு. 30 அம்பியர் இணைப்பில், 120 வோல்ட் கணக்கில், ஒரே நேரத்தில் 3,600 வோட் வரைதான் எடுக்கலாம். குளிரூட்டியும் மைக்ரோவேவ் அடுப்பும் முடி உலர்த்தியும் ஒன்றாக ஓடினால் எல்லாம் நின்று இருட்டாகிவிடும். எதை நிறுத்தி எதைப் போடலாம் என்று மகள் கூட்டிப் பார்க்கிறாள். அது கணிதம்தானே?

இரண்டாம் வாரம்: கண்ணீர்

இப்போது தாய்க்குப் பயம் பிடிக்கிறது. 'ஒரு வாரம் போய்விட்டதே, பிள்ளைகள் பின்தங்கி விடுவார்களே!' பாடசாலையின் நேரசூசியை அப்படியே மேசையில் ஒட்டுகிறாள். எட்டரைக்குத் தொடக்கம், மூன்று மணிக்கு முடிவு. முன் ஆசனத்தில் தந்தை வேலை செய்கிறார், சத்தம் கூடாது. மகன் கதிரையில் நிற்கிறான், இருக்கிறான், மேசைக்கு அடியில் போகிறான். மகள், "நீங்கள் என்னுடைய டீச்சர் இல்லை" என்கிறாள். மூன்றாம் நாள் தாயும் அழுகிறாள், பிள்ளைகளும் அழுகிறார்கள்.

சகோதரிகளே, வீட்டில் படிப்பித்து அனுபவப்பட்ட தாய்மார் இங்கே ஒரு புத்தி சொல்வார்கள். பாடசாலையை விட்டு வந்த பிள்ளைக்கு முதலில் ஓய்வு கொடுங்கள் என்பதே அது. பாடசாலையில் கழித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதம் என்று வாய்க்கணக்கும் வைத்திருக்கிறார்கள். அது ஆராய்ச்சியில் கண்ட முடிவல்ல, அனுபவக் கணக்கு. 1977இல் 'பாடசாலை இல்லாமல் வளர்தல்' என்ற பொருள்படும் பெயரில் சஞ்சிகை தொடங்கிய ஜோன் ஹோல்ட் என்ற முன்னாள் ஆசிரியரும், பாடசாலையை வீட்டுக்குள் தூக்கி வராதீர்கள் என்றுதான் பெற்றோரிடம் வலியுறுத்தி வந்தார்.

ஓய்வு என்றால் ஒன்றுமே செய்யாதிருப்பதல்ல. காலையில் கணிதம், பிறகு எழுத்து, படுக்குமுன் உரக்க வாசிக்கும் ஒரு கதை. ஒரு வகுப்பு நிறைந்த பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் நேரம் இங்கே இல்லை. ஆரம்ப வகுப்புப் பிள்ளைக்கு ஒரு நாளில் இரண்டு மூன்று மணி நேரம் போதும் என்பது இத்தாய்மாரின் அனுபவம். நேரசூசி கிழிக்கப்பட்ட மறுநாள் மேசையில் அமைதி திரும்புகிறது.

மூன்றாம் வாரம்: வெளியே திறந்த புத்தகம்

வண்டி நியூ மெக்சிகோவிலுள்ள வைட் சாண்ட்ஸ் தேசியப் பூங்காவை அடைகிறது. 275 சதுர மைல் பரப்பில் வெண்ணிற மேடுகள். அது சாதாரண மணல் அல்ல, ஜிப்சம். ஜிப்சம் நீரில் கரையும். ஆற்றோடு கடலுக்குப் போயிருக்க வேண்டியது ஏன் இங்கே தங்கியது? அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து வெளியே ஓடும் ஆறு இல்லை. நீர் ஆவியாகிப் போக, ஜிப்சம் மிஞ்சியது. உச்சி வெயிலிலும் அது கால் சுடாது என்பதை மகன் செருப்பைக் கழற்றி அறிகிறான்.

நான்காம் தரப் பிள்ளைக்கும் குடும்பத்துக்கும் ஓராண்டுக்குத் தேசியப் பூங்காக்களில் இலவச அனுமதி தரும் திட்டம் 2015 முதல் உண்டு. வீட்டில் படிக்கும் பத்து வயதுப் பிள்ளைக்கும் அது பொருந்தும். பூங்கா அலுவலர் தரும் பயிற்சிப் புத்தகத்தை நிரப்பிக் காட்டினால், உறுதிமொழி வாங்கிக்கொண்டு 'ஜூனியர் ரேஞ்சர்' சின்னம் அணிவிப்பார்கள். உம்மென்றிருந்த மகள் அன்று சிரிக்கிறாள்.

அரிசோனாவில் கிராண்ட் கென்யனின் தெற்கு விளிம்பு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 7,000 அடி உயரம். அன்றிரவு தாய் வழக்கமான நேரத்துக்குச் சோற்றை இறக்கினால் அரிசி வேகவில்லை! அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் 100 பாகையில் அல்ல, சுமார் 93 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். சூடு குறைந்த கொதிநீரில் சோறு வேகக் கூடுதல் நேரம் வேண்டும். அரைவேக்காட்டுச் சோற்றை முன்வைத்துத் தாய் இதைச் சொல்லிக்கொடுக்கிறாள். பிள்ளைகள் மறப்பார்களா?

நான்காம் வாரம்: "எப்போது வீட்டுக்குப் போவோம்?"

இந்தக் கேள்வியை ஓர் இரவு மகள் கேட்கிறாள். இதுதான் வீடு என்று தந்தை சொல்லியும் அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். அவளுக்குத் தேவை மலையும் பள்ளத்தாக்கும் அல்ல, தன் தோழி. பெற்றோர் தெரிவு செய்த வாழ்க்கை இது. அவள் தெரிவு செய்ததல்ல. இதை விளங்கிக்கொள்ளாத பெற்றோர் எவ்வளவு தூரம் ஓடினாலும் பயனில்லை.

தாயின் நிலையும் அதுவே. ஆசிரியை அவள், சமையற்காரி அவள், சலவைக் கடையில் உடுப்பு மூட்டையோடு காத்திருப்பவளும் அவள். முன்பு பிள்ளைகள் பாடசாலைக்குப் போன நேரம் அவளுக்கு இருந்தது. இப்போது 240 சதுர அடிக்குள் தனிமை என்பதே இல்லை.

ஆகவே, அன்றிரவு கணவனும் மனைவியும் உட்கார்ந்து கதைக்கிறார்கள். உத்தியோகம் தொடங்குமுன் காலைக் கணிதம் தந்தையின் பொறுப்பு. கழிவுத் தாங்கிகளும் அவருடையது. மாலையில் ஒரு மணி நேரம் தாய் தனியே நடந்து வருவாள். இரண்டு நாளைக்கு ஓர் ஊர் என்று ஓடுவதை நிறுத்தி, ஓரிடத்தில் இரண்டு மூன்று வாரம் தங்குவார்கள். பிள்ளைகளோடு வரும் வேறு குடும்பங்கள் இருக்கும் தரிப்பிடமாகத் தேடுவார்கள். மகள் வாரத்துக்கு இரண்டு முறை தோழியுடன் முகம் பார்த்துக் கதைப்பாள். மூன்று மாதம் கழித்து பிள்ளைகளையும் கேட்டு, தொடர்வதா திரும்புவதா என்று முடிவெடுப்பார்கள். திரும்பினால் அது தோல்வியல்ல என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்கிறார்கள்.

மறுபக்கமும் உண்டு

பாடசாலைக்குப் போகாத பிள்ளையை வெளியார் கண் காண்பதில்லை. அதற்குத் துன்பம் நேர்ந்தால் யார் அறிவார்? ஹார்வர்ட் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியை எலிசபெத் பார்த்தோலெட் 2020இல் இக்கேள்வியை எழுப்பி, கடும் கட்டுப்பாடு வேண்டும் என்று எழுதினார். வீட்டிலேயே படித்து வளர்ந்த சிலரும் 2013இல் ஓர் அமைப்பை நிறுவி, பிள்ளைகளின் பாதுகாப்புக்கு விதிகள் வேண்டும் என்று கேட்டு வருகிறார்கள். இக்குரல்களை அலட்சியம் செய்யலாகாது.

கொரோனாக் காலத்தில் இந்தப் பரீட்சை பல வீடுகளுக்கும் வந்தது. அமெரிக்கக் குடிசன மதிப்பீட்டுத் திணைக்களத்தின் கணக்குப்படி, வீட்டில் படிப்பித்த குடும்பங்கள் 2020 வசந்தகாலத்தில் 5.4 வீதமாக இருந்து, அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் 11.1 வீதமாக உயர்ந்தன. அந்நாட்களில் நம்மில் பலரும் சாப்பாட்டு மேசையில் பிள்ளையின் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு திணறியவர்கள்தானே?

சகோதரிகளே, நாம் யாரும் வண்டி வாங்கிப் புறப்படப் போவதில்லை. ஆனால், அந்த வண்டியில் நடந்தது நம் வீட்டிலும் நடக்கிறது. பிள்ளையின் படிப்பு உம்மாவின் தலையில் மட்டும் விழும்போது உம்மாவும் உடைகிறாள், பிள்ளையும் உடைகிறது. இன்றிரவு சோறு வடிக்கும்போது பிள்ளையை அருகில் கூப்பிட்டு, தண்ணீர் ஏன் கொதிக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். கொப்பியை வாப்பாவின் கையிலும் ஒரு நாள் கொடுத்துப் பாருங்கள்.