தாவும் முன் நிற்கக் கற்கட்டும்

ஒரு வயது நிரம்பாத லேப்ரடாரோ, சிப்பிப்பாறையோ, தெருவில் கண்டெடுத்து வளர்த்த நாட்டு நாயோ இருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் புலம்பல் ஒன்று உண்டு: “ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டேங்குது.” கேட்டைத் திறந்தால் பாய்கிறது; விருந்தாளி வந்தால் தோளில் கால் போடுகிறது; சோபாவுக்கும் கட்டிலுக்கும் இடையே பறக்கிறது. இந்தத் துறுதுறுப்பை நல்ல வழியில் திருப்பத் தேடுகிறவர்களின் கண்ணில் அஜிலிட்டி போட்டிக் காணொளிகள் படுகின்றன. நாய் கம்பங்களைத் தாண்டுகிறது, குழாய்க்குள் நுழைந்து வெளியேறுகிறது, ஏற்றப்பலகையில் ஏறி இறங்குகிறது, நட்டுவைத்த குச்சிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓடுகிறது. பார்த்ததும் இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கி, மேலே ஒரு கழியை வைத்து, “தாவு” என்று சொல்லத் தோன்றும். நாயும் தாவிவிடும். தவறு அங்கேதான் தொடங்குகிறது. தாவுவதை எந்த நாய்க்கும் யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. கற்றுத்தர வேண்டியவை மூன்று: நிற்பது, தன் உடம்பை அறிவது, மனிதரின் உடலசைவைப் படிப்பது. மூன்றையும் தரையிலேயே, வீட்டுக் கூடத்திலேயே கற்றுத்தர முடியும். இளம் நாய்க்கு அஜிலிட்டியின் அடித்தளம் என்பது இவை மட்டுமே.

இந்த விளையாட்டு பிறந்தது 1978இல். லண்டன் ஒலிம்பியா அரங்கில் நடந்த கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், நிகழ்ச்சிகளின் இடைவேளையை நிரப்ப ஏதாவது வேண்டும் என்று ஏற்பாட்டுக் குழுவைச் சேர்ந்த ஜான் வார்லி நினைத்தார். பயிற்சியாளர் பீட்டர் மீன்வெல்லின் துணையோடு, குதிரைகளின் தடைதாண்டும் போட்டியைப் பார்த்து நாய்களுக்கென்று ஒன்றை வடிவமைத்தார். கூட்டம் சொக்கிப்போனது, 1980இல் பிரிட்டிஷ் கென்னல் கிளப் இதைத் தன் விதிகளுக்குள் கொண்டுவந்தது. கூட்டம் அன்றும் இன்றும் ரசிப்பது வேகத்தை. ஆனால், விதிப் புத்தகம் வேகத்தோடு நிற்பதில்லை. கம்பி விழுந்தால் தவறு. ஏற்றப்பலகையின் கீழ்ப்பகுதிக்கு வேறு நிறம் பூசியிருப்பார்கள். அந்த நிறத்தில் பாதம் படாமல் நாய் குதித்து இறங்கினாலும் தவறு. காற்றாய்ப் பறந்துவந்த நாய் கடைசி மூன்று அடியில் தன்னை அடக்கிக்கொள்கிறதா என்பதைத்தான் அந்த விதி சோதிக்கிறது. இன்னொரு விதியும் கவனிக்கத்தக்கது: சர்வதேச நாய் வளர்ப்போர் கூட்டமைப்பான எஃப்.சி.ஐ.யின் போட்டிகளில் 18 மாதம் நிறையாத நாய்க்கு இடமே இல்லை.

அந்த 18 மாதக் கணக்குக்குப் பின்னால் எலும்பு இருக்கிறது. குட்டியின் கால் எலும்பு நீள்வது அதன் முனைகளை ஒட்டியுள்ள வளர்ச்சித் தட்டுகளில். இவை இன்னும் இறுகாத குருத்தெலும்பு அடுக்குகள். சுற்றியுள்ள எலும்பையும் மூட்டைப் பிணைக்கும் தசைநாரையும்விட வலுக் குறைந்தவை. சிறிய இன நாய்களில் பல தட்டுகள் ஒரு வயதுக்குள் மூடிக்கொள்கின்றன. பெரிய இனங்களில் ஒன்றரை வயதுவரைகூட ஆகலாம். அதற்குள் தட்டு சிதைந்தால் கால் கோணலாகவோ குட்டையாகவோ வளரக்கூடும். சாதாரணமாக நிற்கும்போதே நாயின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்னங்கால்கள்தான் தாங்குகின்றன. தாவி இறங்கும்போதும் அவையே முதலில் தரையில் மோதுகின்றன. அதே தாவலை ஒரு நாளில் முப்பது, நாற்பது முறை செய்யவைப்பது, காயாத சுவரின்மேல் மாடி எழுப்புவதற்குச் சமம். வளர்ந்த நாய்களுக்குமே இந்த விளையாட்டில் ஆபத்து உண்டு. பல நாடுகளில் அஜிலிட்டி நாய்களை வளர்ப்போரிடம் எடுக்கப்பட்டு 2013இல் வெளியான கணக்கெடுப்பு ஒன்றில், 3,801 நாய்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஒருமுறையாவது காயப்பட்டிருந்தது. விளையாட்டில் அனுபவம் குறைந்த நாய்களுக்கே காயம்படும் வாய்ப்பு அதிகம் என்றும் அது காட்டியது.

அப்படியானால் குட்டியைப் பொத்திப் பொத்தி வளர்க்க வேண்டுமா? இந்தக் கேள்விக்கு நார்வேயில் பெரிய உடல்வாகு கொண்ட நான்கு இனங்களைச் சேர்ந்த சுமார் 500 நாய்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு விடை தருகிறது. 2012இல் வெளியான அதன்படி, பிறந்த முதல் மூன்று மாதங்களில் நாள்தோறும் படிக்கட்டு ஏறி இறங்கிய குட்டிகளுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு வரும் வாய்ப்பு கூடியிருந்தது. மேடுபள்ளமான வெளியிடங்களில் கட்டவிழ்த்துவிடப்பட்டு விருப்பம்போல் திரிந்த குட்டிகளுக்கு அந்த வாய்ப்பு குறைந்திருந்தது. ஆக, குட்டியின் உடம்பு அசைவுக்கு அஞ்சுவதில்லை. தானே வேகத்தைக் கூட்டிக் குறைத்து, களைத்தால் படுத்துக்கொள்ளும் ஓட்டம் அதற்கு நல்லது. மனிதர் வற்புறுத்தித் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் தாவலைத்தான் தள்ளிப்போட வேண்டும்.

“நன்றாக ஓடவிட்டுக் களைப்பாக்கினால் தானே அடங்கிவிடும்” என்பது பலரின் நம்பிக்கை. களைத்த நாய் தூங்கும், உண்மைதான். ஆனால், நாள்தோறும் ஓடும் நாய்க்கு உடம்பு உரமேறுகிறது. நேற்று இரண்டு கிலோமீட்டரில் களைத்தது நாளை நான்கு கேட்கும். அடங்கத் தெரியாத நாய், அடங்கத் தெரியாத ஓட்டப்பந்தய வீரனாகிறது, அவ்வளவுதான். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட சோதனை ஒன்று இதைத் தெளிவாக்குகிறது. ஒளி ஊடுருவும் தடுப்புக்குப் பின்னால் ஒருவர் தீனியோடு நிற்கிறார். நாய் நேரே பாய்ந்தால் முட்டிக்கொள்ளும். சுற்றிக்கொண்டு போனால் தீனி கிடைக்கும். அவர் அமைதியான குரலில் கூப்பிடுவது ஒரு சுற்று; தீனியை ஆட்டி உற்சாகக் குரலில் கூப்பிடுவது இன்னொரு சுற்று. இயல்பிலேயே நிதானமான உதவி நாய்கள் உற்சாகக் குரலுக்கு இன்னும் நன்றாகச் செய்தன. ஏற்கெனவே துள்ளிக்கொண்டிருக்கும் வீட்டு வளர்ப்பு நாய்களுக்கோ உற்சாகம் கூடியதும் புத்தி தடுமாறியது. துறுதுறுப்பான நாய்க்கு நாம் இன்னும் வெறியேற்றக் கூடாது. பரபரப்பிலிருந்து இறங்கிவரும் வழியைக் காட்ட வேண்டும்.

அதற்கு ஒரு பாய் போதும். கோரைப்பாயையோ பழைய போர்வையையோ நான்காக மடித்துப் போடுங்கள். நாய் அதில் கால் வைத்ததும் ஒரு துண்டுத் தீனி. நான்கு காலும் பாய்மேல் வந்ததும் இன்னொன்று. படுத்துவிட்டால் இரண்டு மூன்று துண்டுகள், ஒவ்வொன்றாக, அதன் முன்னங்கால்களுக்கு நடுவே வையுங்கள். கையை உயர்த்திக் காட்டினால் எழுந்துவிடும். இது பழகியதும் “இரு” என்று சொல்லி ஓரடி பின்னால் போய்த் திரும்பி வந்து தீனி கொடுங்கள். பிறகு இரண்டடி, கதவுவரை, கதவுக்கு அப்பால். கடைசியில் பந்து தரையில் உருண்டு போகும்போதும் பாயைவிட்டு எழாத நாய்தான், போட்டிக் களத்தின் தொடக்கக் கோட்டில் காத்திருக்கத் தெரிந்த நாய். இழுவைக் கயிறு விளையாட்டையும் இப்படியே பயன்படுத்தலாம்: இழு, “விடு”, ஒரு கணம் அமைதி, மறுபடி இழு. பரபரப்பும் அமைதியும் மாறி மாறி வருவதை நாய் விளையாட்டாகவே பழகிக்கொள்ளும்.

அடுத்தது உடம்பை அறிவது. நாய்க்குத் தன் உடம்பைப் பற்றிய உணர்வு உண்டா என்று புடாபெஸ்ட் ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வில் சோதித்தார்கள். நாய் ஒரு சிறு விரிப்பின்மேல் நிற்க, அந்த விரிப்போடு கட்டப்பட்ட பொருளை எடுத்துத் தரும்படி வளர்ப்பவர் கேட்கிறார். இழுத்தால் காலடி விரிப்பும் சேர்ந்து தூக்கப்படுகிறது. பல நாய்கள் விரிப்பைவிட்டு இறங்கிவிட்டுப் பிறகு பொருளை எடுத்துக் கொடுத்தன; பொருளைத் தரையோடு பிணைத்திருந்தபோது அப்படி அவ்வளவாக இறங்கவில்லை. தன் எடைதான் தடை என்று அவற்றுக்குப் புரிந்திருக்கிறது. இந்த உணர்வை வளர்க்க முடியும். குறிப்பாகப் பின்னங்கால்களுக்கு இது தேவை. நாய் பெரும்பாலும் முன்னங்கால் போகும் வழியைப் பார்த்தே ஓடுகிறது, பின்னங்கால் கூடவே வந்துவிடும் என்ற நினைப்பில். ஏற்றப்பலகையிலிருந்து சறுக்குவதும் கம்பியைத் தட்டிவிடுவதும் பல நேரம் இதனால்தான்.

இதற்கான கருவி நம் வீடுகளில் காலங்காலமாக இருப்பது: மணைப்பலகை. வழுக்காதபடி அதன்மேல் சாக்குத் துணியை இறுக்கிக் கட்டுங்கள். நாய் முன்னங்கால் இரண்டையும் மணைமேல் வைத்ததும் தீனி. இனி அதன் முகத்துக்கு நேரே நின்று, பக்கவாட்டில் அரை அடி நகருங்கள். முகம் உங்களைத் தொடரும். முன்னங்கால்கள் மணையிலேயே நிற்க, பின்னங்கால் எதிர்ப்பக்கமாக ஓரடி எடுத்துவைக்கும். அந்த அடி தரையில் விழும் நொடியிலேயே “குட்” என்ற சொல்லும், உடனே தீனியும் வர வேண்டும். தாமதித்தால் எதற்குக் கிடைத்தது என்று அதற்கு விளங்காது. சில வாரங்களில் மணையை நடுவே வைத்து, செக்கைச் சுற்றும் மாடுபோல, பின்னங்கால்கள் முழு வட்டம் சுற்றிவரும். இதோடு நான்கைந்து மாப் குச்சிகளை நாயின் ஓரடி தூரத்துக்கு ஒன்றாகத் தரையில் படுக்கவைத்து, அவற்றினூடே மெதுவாக நடத்திச் செல்லலாம். அவசரமாக ஓடினால் கால் இடறும். மெதுவாக நடந்தால் ஒவ்வொரு பாதத்தையும் யோசித்து வைக்கும்.

மூன்றாவது, நம் உடலசைவைப் படிப்பது. அஜிலிட்டி களத்தில் தடைகளின் வரிசை நாய்க்குத் தெரியாது. உடன் ஓடுபவரின் தோளும் காலும் காட்டும் திசையே அதற்கு வழி. நாய்கள் சொல்லைவிடச் சைகையை நம்புகின்றன என்பதற்குச் சான்று உண்டு. இத்தாலியில் நீர்மீட்புப் பயிற்சி பெற்ற லேப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் நாய்களிடம் சொல் ஒன்றும் சைகை வேறொன்றுமாகக் காட்டியபோது, பெரும்பாலும் அவை சைகையைப் பின்பற்றின. ஆகவே, நாய் ‘கீழ்ப்படியவில்லை’ என்று கோபப்படும் முன், நம் கால்விரல் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று பார்ப்பது நல்லது. பயிற்சிக்கு ஒரு பக்கெட்டைக் கவிழ்த்து வையுங்கள். நாய் அதைச் சுற்றிவந்தால் தீனி. பிறகு நீங்கள் இடப்பக்கம் திரும்பினால் அது இடமாகவும், வலப்பக்கம் திரும்பினால் வலமாகவும் சுற்றட்டும். களத்தில் தாவி இறங்கியதும் குறுகத் திரும்ப வேண்டியதன் பாடம், தாவலே இல்லாமல் இங்கு முடிந்துவிடுகிறது.

எவ்வளவு நேரம்? டென்மார்க்கில் பீகிள் நாய்களை வைத்து நடந்து 2008, 2011 ஆண்டுகளில் வெளியான ஆய்வுகள் வியப்பூட்டும் விடை தருகின்றன. வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை பழக்கிய நாய்கள், நாள்தோறும் பழக்கியவற்றைவிடக் குறைந்த அமர்வுகளில் ஒரு செயலைக் கற்றன. அடுத்தடுத்து மூன்று அமர்வு வைப்பதைவிட ஒரு குறுகிய அமர்வே பலன் தந்தது. கற்றதை மூளை பதியவைக்க இடைவெளி வேண்டும். புடாபெஸ்டின் இன்னொரு ஆய்வு, புதிய சொற்களைக் கற்ற நாய்களின் அடுத்த தூக்கத்தில் மூளை அலைகள் மாறியிருந்ததைக் கண்டது. பாடம் முடிந்ததும் 30 நிமிடம் விளையாடிய லேப்ரடார்கள், ஓய்வெடுத்த லேப்ரடார்களைவிட மறுநாள் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்த முயற்சிகளிலேயே அதே பாடத்தை மீட்டெடுத்தன என்கிறது 2017இல் வெளியான இன்னோர் ஆய்வு. அதில் பங்கேற்றவை 16 நாய்கள்தாம் என்பதால் இதை இறுதித் தீர்ப்பாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனாலும் எல்லாச் சான்றுகளும் ஒரே திசையைக் காட்டுகின்றன: ஐந்து நிமிடப் பாடம், பிறகு விளையாட்டு, பிறகு தூக்கம்.

தீனி கொடுத்துப் பழக்குவது லஞ்சம், இரண்டு அதட்டல் போட்டால் சரியாகிவிடும் என்று சொல்வோர் உண்டு. லஞ்சம் வேலைக்கு முன்னால் நீட்டப்படுவது. இங்கு தீனி வேலை முடிந்தபின் கிடைக்கும் கூலி. செயல் பழகியபின் எப்போதாவது கொடுத்தால் போதும். அன்றாட உணவிலிருந்தே அளவைக் கழித்துக்கொண்டால் எடையும் கூடாது. அதட்டலின் விலையைப் போர்ச்சுகலில் 92 நாய்களிடம் நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வு அளந்தது. தண்டனையை அதிகம் நம்பிய பள்ளிகளின் நாய்களிடம் பதற்றக் குறிகள் கூடுதலாக இருந்தன. பயிற்சிக்குப்பின் உமிழ்நீரில் கார்டிசால் என்னும் பதற்ற ஹார்மோன் உயர்ந்திருந்தது. தீனி இருக்குமா இருக்காதா என்று தெரியாத கிண்ணத்தை நோக்கி அவை தயங்கித் தயங்கியே போயின. ஆட்டம் காணும் பலகையில் தானாகக் கால் வைக்க வேண்டிய விளையாட்டில், தயங்கும் மனம் எதற்கும் உதவாது.

இடமில்லை, நம் நாய் அந்த இனமில்லை என்ற தயக்கங்களும் எழும். மேலே சொன்ன எதற்கும் பத்தடிக்கு மேல் இடம் தேவையில்லை. வழுக்கும் டைல்ஸ் தரைமேல் ரப்பர் விரிப்புப் போட்டால் சரி. மொட்டை மாடியானால் வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும்; நாய்க்கு வியர்ப்பது பெரும்பாலும் பாதங்களில்தான், உடல் சூட்டை அது முக்கியமாக மூச்சிரைத்துத்தான் தணிக்க வேண்டும். புறங்கையைத் தரையில் சில நொடிகள் வைக்க முடியாவிட்டால் நாயின் பாதத்துக்கும் அது சூடுதான். இனத்தைப் பொறுத்தவரை, 18,385 நாய்களைப் பற்றிய தகவல்களைத் திரட்டி 2022இல் வெளியான ஆய்வு, தனித்தனி நாய்களின் குண வேறுபாட்டில் இனம் விளக்குவது ஏறத்தாழ 9 விழுக்காடு மட்டுமே என்று கண்டது. நாட்டு நாய்க்கு மணையில் கால் வைக்க வராது என்பதற்கு அறிவியலில் ஆதாரம் ஏதுமில்லை.

போட்டிக்கே போகாத நாய்க்கும் இந்தப் பாடங்கள் வீணாகாது. பாயில் படுத்திருக்கத் தெரிந்த நாய், கேட் திறந்திருந்தாலும் சாலைக்கு ஓடாது; மணையில் நிற்கப் பழகிய நாய், கால்நடை மருத்துவரின் மேசையில் நடுங்காமல் நிற்கும். குட்டி நொண்டினாலோ ஏறத் தயங்கினாலோ பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள். தாவலைத் தொடங்கும் முன்பும், எலும்பு முதிர்ந்துவிட்டதா என்று அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். செங்கல்லும் கழியும் அதுவரை மூலையில் கிடக்கட்டும். இன்று மாலை ஐந்து நிமிடம் ஒதுக்கி, பாயை மடித்துப் போட்டுத் தொடங்குங்கள்.